பழைய இதழ்களைப் பிரிக்கும் வேலை

நவம்பர் 3, 2025, திங்கள்

நெல்லை அண்ணாச்சி நடத்திய சிற்றிதழ் நின்று பத்து வருஷத்துக்கு மேலாகிறது. 2001இலிருந்து வந்த இதழ்கள் ஒரு பழைய ஹார்டு டிஸ்க்கில் ஜிப் ஜிப்பாகக் கிடக்கின்றன. ஒவ்வொன்றிலும் பக்க வடிவமைப்புக்கான பேஜ்மேக்கர் ஃபைல், கட்டுரைகளின் டெக்ஸ்ட், ஸ்கேன் செய்த அட்டை. "பிரிச்சு, வருஷ வாரியா அடுக்கிக் குடுத்துரு தம்பி" என்றார். பைத்தான் நிரல்மொழியோடு சேர்ந்தே வரும் ஜிப்ஃபைல் மாட்யூல் இதற்குப் போதும்.

எந்தப் பாடத்தைத் திறந்தாலும் முதல் உதாரணம் எல்லாவற்றையும் ஒரேயடியாகப் பிரிக்கும் எக்ஸ்ட்ராக்ட்ஆல். நான் அதைக் கடைசியில்கூடத் தொடுவதில்லை. முதலில், உள்ளே இருப்பதைப் பட்டியலிடும் இன்ஃபோலிஸ்ட். ஜிப் ஃபைலின் அட்டவணை அதன் வாலில் இருக்கிறது: பெயர், தேதி, சுருக்கிய அளவு, விரித்த அளவு, சிஆர்சி என்ற பழுது சரிபார்ப்பு எண் எல்லாம் அங்கேதான். பைத்தான் நேராக வாலுக்குப் போய் அதை மட்டும் படிப்பதால் எவ்வளவு பெரிய ஜிப்பும் கண் இமைக்கும் நேரத்தில் பட்டியலைக் கொடுத்துவிடும். விரித்த அளவுகளைக் கூட்டிப் பார்த்த பிறகுதான் அடுத்த வேலை. 42.ஜிப் என்று ஒரு பழைய 'ஜிப் குண்டு' விஷமம் உண்டு. பார்க்க 42 கேபி, அடுக்கடுக்காக விரித்தால் 4.5 பெட்டாபைட். அண்ணாச்சி குண்டெல்லாம் வைக்கிற ஆளில்லை, ஆனால் என் டிஸ்க்கில் இடம் இருக்கிறதா என்று தெரியவேண்டுமே.

தேதியை நம்பி வருஷ வாரியாக அடுக்க முடியாது. சில ஃபைல்களுக்கு 1980 ஜனவரி 1 என்று இருக்கிறது. ஜிப்பின் காலண்டர் தொடங்குவதே அந்த நாளில்தான். மதர்போர்டு பேட்டரி செத்துப்போன பழைய பிசிகள் பலவும் அந்தத் தேதிக்குத்தான் திரும்பும். இதழ் எண்ணை வைத்தே அடுக்கப்போகிறேன்.

நவம்பர் 4, செவ்வாய்

2010க்குப் பிந்தைய ஜிப்களில் ஃபைல் பெயர்கள் தமிழில் வைக்கப்பட்டவை. பட்டியலிலோ ஒரு கிரேக்க ஆல்பா, ஒரு கோண மேற்கோள் குறி, பிறகு வாயில் நுழையாத ஏதோ ஒன்று, மறுபடி ஆல்பா என்று வரிசை கட்டி நிற்கின்றன.

ஜிப் 1989இல் ஃபில் காட்ஸ் வடிவமைத்தது. பெயர்களுக்கு அன்றைய ஐபிஎம் பிசியின் சிபி437 என்கோடிங்தான் (எழுத்துகளை எண்களாக்கும் முறை). பெயர் எல்லா மொழி எழுத்துகளுக்குமான யுடிஎஃப்-8இல் இருக்கிறது என்று அறிவிக்க 11ஆம் பிட்டில் ஒரு கொடி, அதாவது ஆம்-இல்லை அடையாளம், பிற்பாடு வந்தது. பெயரை யுடிஎஃப்-8இல் எழுதிவிட்டுக் கொடியை ஏற்றாமல் விடும் கருவிகள் உண்டு. கொடி இல்லாவிட்டால் பைத்தான் சிபி437 என்றே படிக்கும். விதிப்படி அது சரிதான், பைத்தானைத் திட்டிப் பயனில்லை.

ஆல்பா ஏன்? தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் யுடிஎஃப்-8இல் மூன்று பைட். முதல் பைட் எப்போதும் 224, இரண்டாவது 174 அல்லது 175. சிபி437இல் 224 என்றால் ஆல்பா, மற்ற இரண்டும் கோண மேற்கோள் குறிகள். ஆகவே ஆல்பா ஊர்வலத்தைக் கண்டால் உள்ளே தமிழ் பத்திரமாக இருக்கிறது என்று நிம்மதியாகலாம். பைத்தான் 3.11 முதல் ஜிப்பைத் திறக்கும்போதே மெட்டாடேட்டா_என்கோடிங் என்று யுடிஎஃப்-8ஐக் கொடுத்துவிடலாம், ஆனால் படிப்பதற்கு மட்டுமே. அதற்கு முந்தைய பதிப்பென்றால் பெயரைச் சிபி437இல் என்கோட் செய்து, வரும் பைட்களை யுடிஎஃப்-8ஆக டிகோட் செய்ய வேண்டும்.

இதே மூன்று பைட் இன்னொரு இடத்திலும் கடிக்கிறது. லினக்ஸின் எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டத்தில் ஃபைல் பெயருக்கு 255 பைட் உச்சவரம்பு, அதாவது 85 தமிழ்க் குறியீடுகள். புள்ளியும் கொம்பும் தனித்தனியே எண்ணப்படும். கட்டுரைத் தலைப்பை முழுசாக ஃபைலுக்குப் பெயராக வைத்த புண்ணியவான் ஒருவர் இதழில் இருந்திருக்கிறார். அவற்றுக்கு இதழ் எண்ணும் பக்க எண்ணும் போதும் என்று வெட்டிவிட்டேன்.

நவம்பர் 6, வியாழன்

"கோ"வில் தொடங்கும் ஒரே பெயர் இரண்டு ஃபோல்டர்களாகப் பிரிந்து நின்றது. கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ஒன்றில் ஓகாரக் குறி ஒரே குறியீடு, மற்றதில் இரட்டைக் கொம்பும் காலும் தனித்தனி. பழைய மேக்கின் ஹெச்எஃப்எஸ் பிளஸ் ஃபைல் சிஸ்டம் இப்படிப் பிரித்துத்தான் சேமிக்கும், வடிவமைப்பாளர் மேக் வைத்திருந்தாராம். யூனிகோட்டேட்டா மாட்யூலில் நார்மலைஸ், பிரிந்ததைச் சேர்த்துவைக்கும் என்எஃப்சி வடிவில். ஒரு வரியில் முடிந்தது.

நவம்பர் 7, வெள்ளி

உள்ளடக்கம். டிஸ்க்கில் பிரிக்காமலே ஜிப்புக்குள் ஓப்பன் செய்து பைட்களைப் படிக்கிறேன். யுடிஎஃப்-8ஆக டிகோட் ஆகாவிட்டால் பெரும்பாலும் யூனிகோடுக்கு முந்தைய தமிழ் என்கோடிங்கான திஸ்கி, அது எளிது. ஏமாற்றுவது பாமினி. பாமினி ஃபான்ட்டில் அடித்த தமிழ், கணினியைப் பொறுத்தவரை வெறும் ஆங்கில எழுத்து. "தமிழ்" என்பது ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி. எந்தப் பிழையும் எழாமல் யுடிஎஃப்-8ஆகத் திறந்துகொள்ளும், நிரலும் சமர்த்தாக "சரி" என்று சொல்லிவிடும்.

பாமினியில் அரைப்புள்ளிதான் மெய்யெழுத்துப் புள்ளி. எனவே சொல்லுக்கு நடுவில் அரைப்புள்ளி நிறைய வந்தால் பாமினி என்று வைத்துக்கொண்டேன். மாற்றுவதற்கு ஓப்பன்-தமிழ் லைப்ரரியில் வசதி இருக்கிறது.

நவம்பர் 9, ஞாயிறு

ஒரு பொங்கல் மலரைத் திறக்கப்போனால் பேட்ஜிப்ஃபைல் என்று பிழை. எப்போதோ காப்பி பாதியில் நின்று வால் அறுந்திருக்கிறது. வாலோடு அட்டவணையும் போயிற்று. அண்ணாச்சி "அது போனது போனதுதான்" என்று கைகழுவியிருந்தார்.

போகவில்லை. ஒவ்வொரு உள்ஃபைலுக்கும் முன்னால் தனித் தலைப்பு ஒன்று உண்டு: பி, கே, 3, 4 என்ற நான்கு பைட்டில் தொடங்கி 30 பைட், அதன்பின் பெயர், சிலவற்றில் கூடுதல் விவரங்கள், அதன்பின் சரக்கு. பி.கே. என்பது ஃபில் காட்ஸின் முதலெழுத்துகள். அந்த நான்கு பைட்டைத் தேடிக்கொண்டே போய், சரக்கை, விரித்துக் கொடுக்கும் இசட்லிப் மாட்யூலின் டிகம்ப்ரெஸ்ஆப்ஜெக்ட்டில் (decompressobj) ஊற்றவேண்டியதுதான். அதற்கு -15 என்று கொடுக்க வேண்டும், இசட்லிப்பின் சொந்தத் தலைப்பு இல்லாத வெறும் டிஃப்ளேட் (ஜிப்பின் வழக்கமான சுருக்கும் முறை) என்பதற்கு அது அடையாளம். முடியும் இடத்தை அதுவே கண்டுபிடித்து நிற்கும். சுருக்கிய சரக்குக்குள்ளும் அதே நான்கு பைட் தற்செயலாக வரலாம், அதனால் பெயரின் நீளம் நம்பும்படி இருக்கிறதா என்றும் பார்த்தேன். கடைசிக் கட்டுரை அறுந்த இடம் வரைக்கும் கிடைத்தது. மற்றவை முழுசாக.

இவ்வளவும் எழுத நேரமில்லாதவர்கள் இன்ஃபோ-ஜிப் என்ற இலவசக் கருவியின் ஜிப் கட்டளையை -FF என்று கொடுத்து ஓட்டிப் பார்க்கலாம்.

நவம்பர் 11, செவ்வாய்

புதிதாகக் கட்டும் வேலை. ஜிப்ஃபைல் இயல்பாகச் சுருக்காது என்பது பலருக்குத் தெரியாது. ஜிப்_டிஃப்ளேட்டட் என்று கேட்டால்தான் சுருக்கும். ஜேபெக் அட்டைகளை அப்படியே வைத்தேன், ஏற்கெனவே சுருங்கியதை மறுபடி பிழிந்து ஒன்றும் வராது. டெக்ஸ்ட்டை மட்டும் சுருக்கினேன். முதல் பைட் மாறாமல் வரும் தமிழ் நன்றாகவே சுருங்கும். சரிபார்க்கும் டெஸ்ட்ஜிப் எல்லாவற்றுக்கும் நன் (None) என்றது, அதாவது பழுது ஒன்றுமில்லை.

மிச்சம் பாஸ்வேர்டு போட்ட ஒரு ஜிப். பெயர்கள் மறைக்கப்படுவதில்லை, அதனால் உள்ளே வாசகர் கடிதங்கள் என்று தெரிகிறது. பழைய ஜிப் மறையாக்கம் பலவீனமானது, 1994இலேயே மறையாக்க ஆய்வாளர்கள் பிஹாமும் கோச்சரும் உடைத்துக் காட்டிவிட்டார்கள். அந்த வழிக்குப் போகுமுன் அண்ணாச்சியைக் கேட்டேன். "இதழ் பேர்தான் போட்டிருப்பேன்" என்றார். தமிழில் கொடுத்தேன், ஆங்கிலத்தில் கொடுத்தேன், திறக்கவில்லை.

அவர் விரல்கள் பாமினிக்குப் பழகியவை. இதழ் பெயரைப் பாமினி விசைகளாக மாற்றி, பைட்களாகக் கொடுத்தேன். மறுப்பு வரவில்லை. ஆனால் திறக்கும்போது சரிபார்ப்பது ஒரே ஒரு பைட், தப்பான பாஸ்வேர்டும் 256இல் ஒரு தடவை நுழைந்துவிடும். ஒவ்வொரு கடிதத்தையும் கடைசி பைட் வரை படித்து, சிஆர்சி பொருந்திய பிறகே அவரைக் கூப்பிட்டேன்.

கடிதங்களில் முகவரிகள் இருக்கின்றன. தொகுப்போடு வைக்கலாமா என்பதை அவர் படித்துப் பார்த்துச் சொல்லட்டும். அதுவரை தனி ஃபோல்டர்.