வெறும் வண்டியின் எடை

சர்க்கரை ஆலை எடைமேடையில் இரண்டே எண்கள். கரும்பு ஏற்றி வரும் வண்டியின் எடை ஒன்று, இறக்கிவிட்டுத் திரும்பும் வெறும் வண்டியின் எடை மற்றொன்று. கழித்தால் வருவது விவசாயியின் கரும்பு. தென்னாப்பிரிக்காவில், நேட்டாலின் வடகரையில் ஓர் ஆலையில் இந்தக் கழித்தல் கணக்கைப் போட்டே பல ஆண்டுகள் பிழைத்தேன்.

ஒரு மழை இரவு. வரிசை வாசலைத் தாண்டி நின்றது. பெரியவர் ஒருவரின் வெறும் வண்டியை மேடையில் ஏற்றாமலே, பழைய ஏட்டிலிருந்து எண்ணை எடுத்து எழுதிவிட்டேன். விடியும் நேரத்தில்தான் கவனித்தேன்: அது வேறொருவருடைய பெரிய டிரெய்லரின் எண். பெரியவருக்கு 2 டன் 100 கிலோ குறைந்திருந்தது. திருத்துவதென்றால் மேலாளர் கையெழுத்து வேண்டும், காரணம் எழுத வேண்டும். ஏட்டை மூடிவிட்டேன்.

1860 நவம்பர் 16 அன்று டர்பனில் வந்து நின்ற ட்ரூரோ கப்பலில் தொடங்கி, இந்தக் கரும்புக்காகத்தான் இந்தியாவிலிருந்து எங்கள் ஆட்களை ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவந்தார்கள். கூலியிலும் அரிசியிலும் ஏமாந்த கதை இங்கே எல்லாக் குடும்பத்திலும் உண்டு. இப்போது ஏமாற்றிய கை என் கை.

அந்த வாரம் வேதாகமத்தில் தானியேல் புத்தகத்தின் ஐந்தாம் அதிகாரம் என்னை விடவில்லை. அரசனுக்குத் தீர்ப்பாக ஒரு கை சுவரில் எழுதிய வார்த்தைகள் அங்கே வருகின்றன. அவற்றில் ‘தெக்கேல்’ என்பதே ஓர் எடையின் பெயர், சேக்கல். “நீ தராசிலே நிறுக்கப்பட்டு, குறையக் காணப்பட்டாய்.” எடைமேடைக்காரனுக்கு இதைவிடக் கூர்மையான வசனம் கிடையாது.

நான் கற்பிக்கும் ஞாயிறு பள்ளியில், வரி வசூலித்த ஆயக்காரன் சகேயுவின் பாடம் வந்தது. ஏமாற்றி வாங்கியதை நாலத்தனையாக, அதாவது நான்கு மடங்காக, திருப்பிக் கொடுத்ததால்தான் இயேசு அவன் வீட்டுக்குப் போனார் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு சிறுமி வேதத்தில் விரலை வைத்து, “இல்லை அங்கிள், முதலிலேயே கூப்பிட்டுவிட்டார்” என்றாள். பார்த்தேன். லூக்கா 19, ஐந்தாம் வசனத்திலேயே அழைப்பு; கணக்கு எட்டாம் வசனத்தில்தான். இத்தனை ஆண்டுகளாகத் தலைகீழாகவே கற்பித்திருக்கிறேன். தானாக அறிக்கையிடுகிறவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுத்தால் போதும் என்பது வேதாகமத்தில் எண்ணாகமப் புத்தகத்தின் சட்டம். என் கணக்கில் அந்த ஐந்தில் ஒன்று 420 கிலோ, முதலோடு சேர்த்து 2 டன் 520 கிலோ. சகேயுவின் கணக்கிலோ 8 டன் 400 கிலோ. ஆயக்காரன் சட்டப்படி கணக்குப் போடவே இல்லை. வீட்டுக்கு வந்த விருந்தாளி அவனை அப்படி ஆக்கிவிட்டார்.

அன்று மாலையே பெரியவர் வீட்டுக்குப் போனேன். நெற்றியில் திருநீறு, கையில் சாம்பிராணிக் கரண்டி. “தாத்தா, ஒரு விஷயம்...” என்றேன். “முதலில் சாப்பிடு தம்பி” என்றார். பீன்ஸ் குழம்பும் சோறும் இறங்க மறுத்தன. பிறகு சொன்னேன். ஆணியில் குத்தியிருந்த சீட்டுகளிலிருந்து ஒன்றை உருவி என் முன்னால் வைத்தார். அதே சீட்டு.

“அன்றைக்கே தெரியும். டிராக்டர் இழுத்த இழுப்பு எனக்குத் தெரியாதா?”

“ஏன் சொல்லவில்லை?”

“சொன்னால் உன் வேலை போய்விடும். பிள்ளைகுட்டிக்காரன்.”

மறுநாள் மேலாளரிடம் ஒப்புக்கொண்டேன். எழுத்து மூலம் எச்சரிக்கை வந்தது, எடை திருத்தப்பட்டது. வேலை தப்பியது.

அதற்கப்புறமும் பெரியவர் என் மேடைக்கு வந்துகொண்டுதான் இருந்தார். சிரிப்பார், வீட்டை விசாரிப்பார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சீட்டை இரண்டு முறை படித்துவிட்டுத்தான் டிராக்டரை நகர்த்துவார்.