உள்ளே தாழிட்ட கதவும் வெளியே பூட்டிய கதவும்

2022 ஆடியில் விடுப்பு கிடைத்துப் பள்ளத்தூர் வந்தேன். சிங்கப்பூர் போன பிறகு முதல் வருகை. வளவில் தூணோரம் சாய்ந்திருந்த அப்பத்தா, சம்பளத்தையும் சமையலையும் விசாரித்து முடித்ததும் கேட்டார்: "அங்கே கொரோனாக் காலத்தில் சர்க்கார் சொன்னால் சனங்கள் அப்படியே கேட்பார்களாமே. நீயும் கேட்டாயா?"

கேட்டேன். மனமாரக் கேட்டேன்.

நான் போய் இறங்கியது 2020 ஜனவரித் தொடக்கத்தில். அந்த மாதம் 23ஆம் தேதி அங்கே முதல் தொற்று. எந்தப் பஸ் எங்கே போகும் என்று பழகுவதற்குள், பிப்ரவரி 7 அன்று நோய் எச்சரிக்கை நிலையைச் சிவப்புக்கு முந்தைய படியான ஆரஞ்சுக்கு உயர்த்திவிட்டார்கள். அன்று மாலையே கடைகளில் அரிசியும் நூடுல்சும் காலி. வெறும் அலமாரிக்கு முன்னால் நின்றபோது, ஊருக்கே திரும்பிவிடலாமா என்றுதான் தோன்றியது. மறுநாள் பிரதமர் லீ சியன் லூங் பேசினார். பொருள் போதிய அளவு இருக்கிறது, குவிக்க வேண்டாம் என்றார். நோய் பரவலாகிவிட்டால் திட்டத்தை மாற்றுவோம், லேசான காய்ச்சல்காரர்களை வீட்டிலேயே ஓய்வெடுக்கச் சொல்வோம் என்று, வரக்கூடியதையும் மறைக்காமல் சொன்னார். எனக்குப் பிடித்தது அந்த மறைக்காமைதான். அரசின் வாட்ஸ்ஆப் செய்திகள் தமிழிலும் வந்தன. புது நாட்டில் ஒருவர் நம் மொழியில் கூப்பிட்டுக் காரணம் சொல்லும்போது, கேட்காமல் இருக்க முடியவில்லை.

ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை சர்க்கியூட் பிரேக்கர் என்ற முடக்கம். முகக்கவசம் இல்லாமல் வெளியே வந்தால் 300 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அபராதம். உணவங்காடி நாற்காலிகளில் குறுக்கே நாடா. அபராதத்துக்கு அஞ்சினேன், உண்மைதான். ஆனால் யாரும் பார்க்காத மின்தூக்கியிலும் கவசத்தைக் கழற்றவில்லை. என் கதவை நானே தாழிட்டுக்கொண்டேன்.

அந்த நம்பிக்கையில் கீறல் விழுந்தது 2021 ஜனவரியில். தொற்றுத் தடமறிய மட்டுமே என்று சொல்லித் தந்த டிரேஸ்டுகெதர் செயலியின் தகவலைக் காவல்துறையும் குற்ற விசாரணைக்குப் பெற முடியும் என்பது நாடாளுமன்றத்தில் தெரியவந்தது. அடுத்த மாதமே ஏழு வகைக் கடுங்குற்றங்களுக்கு மட்டும் என்று சட்டம் போட்டார்கள். திருத்திக்கொண்டது நல்லது. முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

அதைவிட ஆழமாக உறுத்தியது வேறு. மானாமதுரைப் பக்கத்துத் தம்பி ஒருவன், கட்டட வேலைக்கு வந்தவன், தங்குவிடுதி ஒன்றில் இருந்தான். 2020 ஏப்ரல் 5 முதல் விடுதிகளை ஒவ்வொன்றாகத் தனிமைப்படுத்தினார்கள். சாப்பாடு வந்தது, சிகிச்சைக்குக் காசு வாங்கவில்லை. ஆனால் ஒரே அறையில் அடுக்குக் கட்டில்களில் பலர் படுத்திருக்கும்போது விலகியிரு என்பதற்கு என்ன பொருள்? அந்த டிசம்பரில் அரசே வெளியிட்ட கணக்குப்படி, விடுதித் தொழிலாளர்களில் 47 விழுக்காட்டினருக்குத் தொற்று வந்துபோயிருந்தது. ஜூனுக்குப் பிறகு நான் படிப்படியாக வெளியே நடமாடினேன். அவனுக்கு வேலைத்தளமும் விடுதியும்தான். 2021 செப்டம்பரில்தான் சோதனை முறையில் வாரத்துக்கு 500 பேரை வெளியே அனுப்பிப் பார்த்தார்கள். தொலைபேசியில் அவன் கேட்டான்: "அண்ணே, சொன்னால் நீங்கள் கேட்பீர்கள் என்று உங்களிடம் சொன்னார்கள். எங்களிடம் ஏன் கேட்கவே இல்லை?"

அப்பத்தா நெடுநேரம் பேசவில்லை. பிறகு தன் கதையைச் சொன்னார். 2020 மார்ச் 24 இரவு எட்டு மணிக்குப் பிரதமர் பேச்சு, நள்ளிரவில் ஊரடங்கு. இடையில் நான்கு மணி நேரம். ரேஷன் அட்டைக்கு ஆயிரம் ரூபாய் வந்தது, கபசுரக் குடிநீர் கொடுத்தார்கள், 'விழித்திரு, விலகியிரு, வீட்டிலிரு' என்று ஒலிபெருக்கி தெருவில் போனது. எல்லாவற்றுக்கும் அப்பத்தா கட்டுப்பட்டார். ராயவரத்தில் தங்கை இறந்த அன்று மட்டும் முடியவில்லை. கூப்பிடு தொலைவு ஊர், ஆனால் அது புதுக்கோட்டை மாவட்டம், பள்ளத்தூர் சிவகங்கை மாவட்டம். மாவட்டம் தாண்ட வேண்டிய இ-பாஸ் வருவதற்குள் எடுத்துவிட்டார்கள். "இருபது பேருக்கு மேல் கூடாது என்றால் புரிகிறது. அந்த இருபதில் உடன்பிறந்தவளுக்கு இடம் இல்லையா?"

"எங்கள் காலத்தில் அம்மை கண்ட வீட்டு நிலையில் வேப்பிலை செருகுவோம். அந்த வீட்டார் வெளியே வரமாட்டார்கள், மற்றவர் உள்ளே போகமாட்டார்கள். போலீஸ் கிடையாது. ஆனால் வேளைக்கு வேளை வாசலில் கஞ்சி வைத்துவிட்டு, உள்ளே இருப்பவர்களோடு நின்று பேசிவிட்டு வருவோம்" என்றார். பிறகு அந்த மானாமதுரைத் தம்பியோடு பேச வேண்டும் என்றார்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. கூப்பிட்டுக் கொடுத்தேன். சிங்கப்பூரில் நம்மவர்கள் கூடும் லிட்டில் இந்தியாவுக்குப் போகவில்லையா என்று கேட்டேன். அந்த ஆண்டு ஜூன் 24 முதல் மற்ற இடங்களுக்கு அனுமதி தேவைப்படவில்லை. லிட்டில் இந்தியா உள்ளிட்ட நான்கு இடங்களுக்கு மட்டும், ஞாயிறும் விடுமுறை நாளும் என்றால், விடுதித் தொழிலாளர்கள் அப்போதும் அனுமதிச்சீட்டு எடுக்க வேண்டியிருந்தது.

"விண்ணப்பிக்க மறந்துவிட்டேன் அண்ணே, அடுத்த வாரம் போகிறேன்" என்றான். நான் ஒரு நாளும் அந்தச் சீட்டை எடுத்ததில்லை.