அட்டையில் ஏறாத கணக்கு

அரசு மருத்துவமனையொன்றின் தொற்றா நோய்ப் பிரிவில் பிசியோதெரபிஸ்டாகச் சேர்ந்த புதிதில், உயர் ரத்த அழுத்தக்காரர்களின் அட்டையில் இருக்கும் எண்ணை வைத்தே என் வேலையை மதிப்பிட்டு வந்தேன். எண் இறங்கியிருந்தால் பயிற்சி பலித்தது. இறங்காவிட்டால் ஆள் நடக்கவில்லை என்று முடிவு கட்டிவிடுவேன்.

அந்த நம்பிக்கையைக் குலைத்தவர் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவர். வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு அரை மணி நேரம் என மூன்று மாதம் விடாமல் நடந்த அவர், “152 இருந்தது 146 ஆகியிருக்கு. இந்த ஆறுக்காகவா மேடம் விடியக்காலையில எழுந்திரிச்சேன்?” என்று கேட்டார். பயிற்சியால் மேல் அழுத்தம் பொதுவாக 5 முதல் 8 புள்ளி வரைதான் குறையும் என்று பாடத்தை ஒப்பித்தேன். அவர் முகம் தெளியவில்லை. எனக்கே அது பதிலாகத் தோன்றவில்லை.

அன்று நான் சொல்லியிருக்க வேண்டியது இதயத்தைப் பற்றி. உயர்ந்த அழுத்தத்தை எதிர்த்து ஆண்டுக்கணக்கில் ரத்தத்தை இறைக்கும் இடது கீழறையின் சுவர், மூட்டை தூக்குபவரின் தோளைப் போலத் தடித்துவிடுகிறது. தோளுக்கு அது பலம், இதயத்துக்கோ விறைப்பு, ஏனெனில் விறைத்த அறை விரிந்து ரத்தத்தை நிரப்பிக்கொள்ளத் திணறுகிறது. 1995இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வந்த ஓர் ஆய்வில், கடுமையான உயர் அழுத்தத்துக்கு மருந்து உட்கொண்டுவந்த ஆப்பிரிக்க அமெரிக்க ஆண்கள் வாரம் மூன்று முறை நிலைமிதிவண்டி ஓட்டினார்கள். 16 வாரங்களில் அவர்களின் கீழ் அழுத்தம் 88இலிருந்து 83க்குத்தான் இறங்கியது. ஆனால் தடித்திருந்த இடது கீழறைத் தசை குறைந்திருந்தது. அட்டையில் ஐந்து புள்ளியாக மட்டும் தெரியும் மாற்றத்துக்குப் பின்னால் இவ்வளவு நடந்திருக்கலாம் என்பதை இதயத்தை ஸ்கேன் செய்யும் எக்கோ எடுத்தால்தான் பார்க்க முடியும்.

எண்ணை நம்பி நான் செய்த இன்னொரு பிழை சற்று ஆபத்தானது. வயதுக்கேற்ற நாடித்துடிப்பை எட்டும்வரை வேகமாக நடக்கும்படி ஒரு அம்மாவிடம் சொல்லி, அவர் மூச்சிரைத்துத் தலைசுற்றி உட்கார்ந்த பிறகே, அவர் அடெனோலால் மாத்திரை சாப்பிடுவதைக் கவனித்தேன். அம்மாத்திரை நாடியை அதிகம் உயரவிடாது. நான் சொன்ன இலக்கை அவர் எட்டியிருக்கவே முடியாது. அதன் பிறகு, நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது என்ற அளவுகோலுக்கு மாறினேன். எண்ணே வேண்டாம் என்பதல்ல. ஓய்விலேயே மேல் அழுத்தம் 200ஐயோ கீழ் அழுத்தம் 110ஐயோ தாண்டியிருப்பவரை இன்றும் பயிற்சிக்கு விடாமல் மருத்துவரிடம் அனுப்பிவிடுகிறேன்.

ஓட்டுநர் அடுத்த முறை வந்தபோது, வீட்டு மாடிக்கு எத்தனை முறை நின்று ஏறுகிறீர்கள் என்று கேட்டேன். முன்பெல்லாம் இரண்டு முறை நிற்பாராம். இப்போது நிற்பதே இல்லை என்பது, நான் கேட்ட பிறகுதான் அவருக்கே உறைத்தது. அதை அட்டையில் 144க்குப் பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். மாத்திரை கொடுக்கும் இடத்திலிருந்து, “இதென்ன மேடம், படிக்கட்டுக் கணக்கு?” என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள்.