பிளக்கிலிருந்து வால்வுக்கு மாறிய வேலை

சிறிய விமானங்களின் பிஸ்டன் இன்ஜின்களைப் பார்த்துக்கொள்ளும் எங்களுக்கு ஈயம் தினசரிப் பழக்கம். வழக்கமாக நிரப்பும் 100எல்எல் என்ற நீலநிறப் பெட்ரோலில் லிட்டருக்கு 0.56 கிராம் வரை ஈயம் இருக்கலாம். கார்கள் எப்போதோ கைவிட்ட டெட்ரா எத்தில் லெட்தான் இதில் இன்னும் கலக்கப்படுகிறது. பெரிய சிலிண்டர், காற்றால் மட்டும் குளிர்விப்பு, மணிக்கணக்காக அதிக சக்தியில் ஓட்டம் என்ற நிலையில், நாக்கிங் (பெட்ரோல் கட்டுப்பாடின்றித் தானாக வெடித்தெரிவது) வராமல் காக்க உயர்ந்த ஆக்டேன் தேவை. அதை மலிவாகத் தந்தது ஈயம்.

அதற்கான விலை பெஞ்சில் தெரியும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி வரிசையாக வைத்தால், சிலிண்டரின் மேல் பக்கப் பிளக்குகள் ஓரளவு சுத்தமாக இருக்கும். கீழ் பிளக்குகளில் பீங்கானுக்கும் வெளிக்கூட்டுக்கும் நடுவே உள்ள பள்ளத்தில் சாம்பல்நிற மணிகள் இறுகிக் கிடக்கும். கூர்முனை கொண்ட அதிர்வுக் கருவியால் அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக உடைத்தெடுக்க வேண்டும். அவசரப்பட்டால் பீங்கான் விரிசல் விடும், பிளக் குப்பைக்குப் போகும். உடைந்து விழுவது ஈயம் என்பதால் கையுறை கட்டாயம், மூக்கையும் மூடிக்கொள்ள வேண்டும். அப்புறம் பிளக் முனைகளின் இடைவெளியைச் சரிபார்த்து, மேல் கீழ் மாற்றிப் பூட்டுவோம்.

ஈயத்தை இன்ஜினிலிருந்து வெளியேற்றத்தான் பெட்ரோலில் எத்திலீன் டைபுரோமைடும் சேர்க்கிறார்கள். எரியும்போது அது ஈயத்தோடு கூடி ஆவியாகப் புகையோடு போய்விடும். ஆனால் அதற்குச் சூடு வேண்டும். தரையில் ரிச் மிக்ஸ்சரில், அதாவது பெட்ரோல் அதிகமான கலவையில், மெதுவாக ஊர்ந்துகொண்டே இருந்தால் பிளக் முனை சூடேறாது, ஈயம் அங்கேயே தங்கும். நிறுத்துவதற்கு முன் 1800 ஆர்பிஎம்மில் 15 முதல் 20 விநாடி ஓட்டி, 1200க்கு இறக்கிவிட்டு மிக்ஸ்சரை மூடச் சொல்லி இன்ஜின் நிறுவனமான லைகமிங் எழுதி வைத்திருப்பது இதனால்தான். தரையிலேயே மிக்ஸ்சரை லீன் செய்யும் (பெட்ரோலைக் குறைக்கும்) விமானியின் பிளக்கையும் செய்யாதவரின் பிளக்கையும் பக்கத்தில் வைத்தால் யாருடையது எது என்று கேட்கவே வேண்டாம்.

ஆகவே ஈயமில்லா பெட்ரோல் வருகிறது என்றதும் உரிமையாளர்கள் முதலில் கேட்பது, "அப்ப ஆயில் மாத்துற இடைவெளியை இரண்டு மடங்கு ஆக்கிடலாமா?" என்பதுதான். இந்தக் கேள்வி ரோட்டாக்ஸ் 912 என்ற சிறிய விமான இன்ஜினிலிருந்து வருகிறது. அந்த இன்ஜினில் 100 மணி நேரத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றினால் போதும். ஓடும் நேரத்தில் 30 சதவீதத்துக்கு மேல் ஈயப் பெட்ரோல் என்றால் அது 50 ஆகிவிடும். பிளக், கியர்பாக்ஸ் வேலைகளும் சீக்கிரமே வரும். இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் அதில் ஒரே ஆயில். அது கலக்கிய ஈயச் சேற்றைச் சுமந்துகொண்டு கிளட்ச் வரைக்கும் போகிறது. அங்கே ஈயத்துக்கான அபராதம் கையேட்டிலேயே மணிக்கணக்கில் எழுதப்பட்டிருக்கிறது.

லைகமிங்கில் கதை வேறு. ஆயில் முழுவதையும் வடிகட்டும் ஃபுல் ஃப்ளோ ஃபில்டர் இருந்தால் 50 மணி நேரத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்ற வேண்டும், வலை மட்டும் இருந்தால் 25, அல்லது நான்கு மாதம், எது முந்துகிறதோ அது. அந்த நான்கு மாதத்தைப் பலர் கவனிப்பதே இல்லை. சிலிண்டரிலிருந்து கசிந்து இறங்கும் நீராவியும் அமிலமும் ஆயிலில் சேர்கின்றன. விமானம் கொட்டகையில் சும்மா நின்றாலும் அவை கேம்ஷாஃப்டை அரிக்கும். ஈயம் போனாலும் நீர் போகாது. வாரக்கணக்கில் பறக்காமல் நிற்கும் விமானத்துக்கு ஈயமில்லா பெட்ரோலைக் காரணம் காட்டி ஆயிலைத் தள்ளிப்போடச் சொன்னால் நான் ஒப்புக்கொள்வதில்லை. இன்ஜின் தயாரித்தவர் எண்ணை மாற்றி எழுதும் வரை பழைய எண்தான்.

எனக்குப் பிடித்த மாற்றம் ஆயில் பரிசோதனையில் நடந்தது. 100எல்எல்லில் ஓடும் இன்ஜினின் ஆயிலில் ஈயம் ஆயிரக்கணக்கான பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவு) இருக்கும், அந்த வரியை யாரும் படிப்பதில்லை. பல பேரிங்குகளின் மேற்பூச்சில் ஈயம் உண்டு. அது தேய்ந்து ஆயிலில் கலந்தாலும் பெட்ரோலின் ஈயத்துக்குள் மூழ்கிவிடும். பெட்ரோலில் ஈயம் இல்லாமல் சில ஆயில் மாற்றங்கள் ஆன பிறகு, அதே வரி திடீரென்று பேச ஆரம்பிக்கிறது. அந்த எண் ஏறினால் பேரிங்கைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

சரி, இதுவரை லாபக்கணக்கு. வால்வுதான் என் கவலை. சூடான எக்ஸாஸ்ட் வால்வுக்கும், மூடும்போது அது அமரும் வளையமான சீட்டுக்கும் நடுவே ஈயப் படிவு மெல்லிய மெத்தைபோல வேலை செய்தது. வால்வின் தண்டு ஓடும் குழாயான கைடில் படிந்து வால்வைச் சிக்கவைத்த அதே ஈயம்தான் இங்கே உதவியும் செய்தது. அமெரிக்காவின் நார்த் டகோட்டா பல்கலைக்கழகம் 2023இல் தன் பயிற்சி விமானங்களை 94யுஎல் என்ற ஈயமில்லா பெட்ரோலுக்கு மாற்றி, எக்ஸாஸ்ட் வால்வு சீட்டுகள் வழக்கத்துக்கு மாறாக உள்வாங்குவதைக் கண்டு, அதே ஆண்டு அக்டோபரில் 100எல்எல்லுக்கே திரும்பியது. பெட்ரோலில் அரோமேட்டிக் (வளைய வடிவ ஹைட்ரோகார்பன்) அளவு குறைவாக இருந்ததையும் லைகமிங் காரணமாகச் சுட்டியது. ஈயத்தை மட்டும் குற்றவாளியாகவோ காவலாளியாகவோ நிறுத்த முடியாது என்று அப்போதுதான் எங்களில் பலருக்கு உறைத்தது. ஸ்வீடனில் 1991 முதலே ஈயமில்லா விமானப் பெட்ரோல் விற்பனையில் இருக்கிறதே என்று கேட்டால் அதுவும் உண்மைதான். ஆனால் 'ஈயமில்லாதது' என்பது ஒரே பெட்ரோல் இல்லை. ஒவ்வொன்றின் சேர்மானமும் வேறு.

சீட் உள்வாங்குவதைக் காதால் பிடிக்க முடியாது. வால்வு சிலிண்டர் ஹெட்டுக்குள் அமிழ அமிழ அதன் தண்டு, வால்வை அழுத்தித் திறக்கும் ராக்கரை நெருங்கும். ஆயில் அழுத்தத்தால் தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் லிஃப்டர் அந்த மாற்றத்தைச் சத்தமில்லாமல் விழுங்கிக்கொள்ளும். கம்ப்ரஷன் சோதனையும் ஆரம்பத்தில் நல்ல எண்ணையே தரும். லிஃப்டரிலிருந்து ஆயிலை வெளியேற்றிவிட்டு, வால்வு முனைக்கும் ராக்கருக்கும் உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகடுகளால் அளந்தால்தான் விஷயம் தெரியும். பெரும்பாலான லைகமிங்களில் அது 0.028 முதல் 0.080 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். இடைவெளி முழுக்கத் தீர்ந்துபோனால் வால்வு சரியாக மூடாது, சீட் வழியாகச் சூட்டை இறக்க முடியாது, விளிம்பு எரியத் தொடங்கும்.

இத்தனையும் சொல்லி ஈயமே இருக்கட்டும் என்று நான் சொல்லவில்லை. ஓடுபாதைகளின் பக்கத்தில் குழந்தைகள் வளர்கிறார்கள். எங்கள் கைகளும் அதே தூசியில்தான் கிடக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 மே 1க்குப் பிறகு டெட்ரா எத்தில் லெட்டைப் பயன்படுத்தத் தனி அனுமதி வேண்டும். அமெரிக்கா 2030 முடிவை இலக்காக வைத்திருக்கிறது. ஈயம் போகத்தான் வேண்டும், போகட்டும். அதற்காகச் சோதனைகளும் கூடவே போய்விடும் என்ற நினைப்பைத்தான் எதிர்க்கிறேன்.

எனவே பெட்ரோலை மாற்ற வரும் உரிமையாளரிடம், அது அந்த இன்ஜினுக்கு அனுமதிக்கப்பட்டதா என்று பார்த்த கையோடு நான் கேட்பது இதுதான். முதல் டேங்க் நிரப்பும் முன்பே எல்லா எக்ஸாஸ்ட் வால்வுகளின் இடைவெளியையும் அளந்து எழுதிவிடுவோம், சிலிண்டருக்குள் விட்டுப் பார்க்கும் கேமராவான போர்ஸ்கோப்பில் படமும் எடுத்துவைப்போம். அதன்பின் ஆயில் மாற்றும்போதெல்லாம் போர்ஸ்கோப், 100 மணி நேரச் சோதனையில் மறுபடி அளவு. எந்தப் பெட்ரோலில் எத்தனை மணி நேரம் ஓடியது என்பதும் லாக்புக்கில் ஏற வேண்டும். பாதி வழியில் வேறு இடத்தில் 100எல்எல் நிரப்பியிருந்தால் அதுவும். பிளக் சுத்தம் செய்வதில் மிச்சமாகும் நேரம் ஏறக்குறைய முழுவதும் ராக்கர் கவர்களைத் திறந்து மூடுவதிலேயே செலவாகிறது.