அம்பாசடரில் பேட்டரி கொதிக்கிறது

மே 3

இரண்டு வாரத்தில் இரண்டாவது ஹெட்லைட் பல்பு போய்விட்டது. பானெட்டைத் திறந்ததும் அழுகிய முட்டை நாற்றம். பேட்டரி மூடிகளைச் சுற்றி அமிலம் கசிந்து, கீழே இருக்கும் தட்டை அரித்திருக்கிறது. சென்ற மாதம்தான் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றினேன். அதற்குள் ஆறு அறைகளிலும் தகடு வெளியே தெரிகிறது. அப்பா 1977-இல் வாங்கிய மார்க் 3 இது. பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் பழைய டைனமோவைக் கழற்றி, அதன் இடத்தில் ஆல்டர்னேட்டர் வைத்ததும் அவர்தான். அதன் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் தனியாக, எஞ்சின் அறையின் பக்கச் சுவரில் இருக்கிறது.

மே 4

எஞ்சின் ஓடாதபோது பேட்டரியில் 12.6 வோல்ட். ஓடவிட்டு வேகம் கூட்டினால் 15.7. இருக்க வேண்டியது 13.8 முதல் 14.4 வரை, திருச்சி வெயிலுக்கு இன்னும் சற்றுக் குறைந்தாலும் நல்லது. மிஞ்சிய மின்சாரம் பேட்டரித் தண்ணீரை வாயுவாக்கி வெளியே தள்ளுகிறது. எலக்ட்ரீஷியன் அண்ணன் மீட்டரைப் பார்த்தவுடன், “ரெகுலேட்டர்தான் தம்பி, மாற்றிவிடுங்கள்” என்றார்.

மே 6

புதிய ரெகுலேட்டர் மாட்டியாயிற்று. அதே 15.7.

ஆல்டர்னேட்டரைப் பிரிக்கலாம் என்றார் அண்ணன். அதற்கு முன் எஞ்சினை நிறுத்தி, ரெகுலேட்டரிலிருந்து ஆல்டர்னேட்டரின் காந்தச் சுருளுக்குப் போகும் ஃபீல்டு வயரை மட்டும் கழற்றிவிட்டு மறுபடி கிளப்பினேன். 12.4-ஐத் தாண்டவில்லை. ஃபீல்டுக்கு மின்சாரம் போகாவிட்டால் சார்ஜும் இல்லை. ஆகவே ஆல்டர்னேட்டருக்குள் கோளாறு இல்லை. எஞ்சின் ஓடும்போதே பேட்டரி வயரைக் கழற்றிச் சோதிக்கச் சொன்னார் பக்கத்துக் கடைக்காரர். கண்டிப்பாக மறுத்துவிட்டேன். அந்த ஒரு நொடியில் ஆல்டர்னேட்டரின் டையோடுகள் எரிந்துபோகலாம்.

மே 8

மாலையில் தூறல். மீட்டர் பேட்டரியில் மாட்டியபடியே இருக்க, வைப்பரைப் போட்டேன். வோல்ட் ஏறியது! 15.7 இருந்த இடத்தில் 16.3. பளு கூடினால் சற்று இறங்க வேண்டும், அல்லது அசையாமல் நிற்க வேண்டும். நிறுத்தினால் பழைய இடத்துக்கு வருகிறது. நான்கு முறை செய்து பார்த்தேன். ஹெட்லைட் போட்டால் ஏறவில்லை. வைப்பருக்கு மின்சாரம் இக்னிஷன் சுவிட்ச் வழியாகப் போகிறது, ஹெட்லைட்டுக்கு அப்படிப் போகவில்லை. ரெகுலேட்டருக்கும் அதே சுவிட்ச் வழிதான். இரவு சாப்பிடும்போதும் இதே நினைப்பு.

மே 9

மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி பாசிட்டிவிலும் மறுமுனையை ரெகுலேட்டரின் இக்னிஷன் தெர்மினலிலும் வைத்தேன். எஞ்சின் ஓடுகையில் 1.4 வோல்ட் வித்தியாசம். பேட்டரியில் 15.7 இருக்கும்போது ரெகுலேட்டருக்குத் தெரிவது 14.3 மட்டுமே! தன் கண்ணுக்குத் தெரிந்ததைச் சரியாகக் காத்துக்கொண்டிருந்திருக்கிறது, பாவம். வைப்பர் ஓடினால் சுவிட்சில் இழப்பு கூடும்; அதை ஈடுகட்ட ஆல்டர்னேட்டரை இன்னும் முடுக்கும்.

அங்குலம் அங்குலமாக அளந்தேன். சுவிட்சில் மட்டும் 0.9 போகிறது. டாஷ்போர்டுக்குப் பின்னால் ஒரு கனெக்டரில் 0.4, பிரித்தால் உள்ளே பச்சைக் களிம்பு. எர்த் பக்கம் நன்றாக இருக்கிறது. இந்த அளவை நான்காம் தேதியே எடுத்திருக்க வேண்டும்.

மே 11

கனெக்டரை வெட்டிப் புதிதாகப் போட்டேன். சுவிட்சிலிருந்து வரும் வயர் இனி ஒரு ரிலேயை, அதாவது சிறு மின்சாரத்தில் இயங்கும் சுவிட்சை, மட்டும் இழுக்கும். ரெகுலேட்டருக்கு மின்சாரம் பேட்டரியிலிருந்து 10 ஆம்பியர் ஃபியூஸ், அந்த ரிலே வழியாக நேராக வருகிறது. அப்பா மாட்டிய பழைய ரெகுலேட்டரையே திரும்ப வைத்தேன். 14.2. வைப்பர், ஹெட்லைட், ஹாரன் எல்லாம் சேர்த்துப் போட்டும் 14.1-க்குக் கீழே இறங்கவில்லை. அண்ணன் இரண்டு முறை மீட்டரைக் குனிந்து பார்த்தார்.

தண்ணீர் நிரப்பி ஓட்டிவந்த பிறகு, அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரில் ஐந்து அறைகள் 1.240 காட்டுகின்றன, மூன்றாவது மட்டும் 1.180. இரண்டு நாள் மெதுவாகச் சார்ஜ் ஏற்றிப் பார்க்கப் போகிறேன்.