வலி எனக்கு, குறிப்பு அவருக்கு

எனக்கு எண்டோமெட்ரியோசிஸ் என்று உறுதியானபோது, பீரியட்ஸ் வலியோடு பல வருடங்கள் ஓடிப்போயிருந்தன. எனக்கு மட்டும் அப்படி இல்லை. நோயின் பெயர் தெரிவதற்குள் 4 முதல் 12 வருடங்கள் வரை ஆகிவிடுகிறது என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில் சுமார் 10 சதவீதம் பேருக்கு இது இருக்கிறது. உலகம் முழுக்க ஏறக்குறைய 19 கோடிப் பேர். ஆனால் எனக்கு முதலில் கிடைத்த பதில், "பொண்ணுன்னா கொஞ்சம் வலி இருக்கத்தான் செய்யும்." ஸ்கேன் எடுத்தார்கள், நார்மல் என்று அனுப்பிவிட்டார்கள்.

ஸ்கேன் நார்மல் என்பதால் நோய் இல்லை என்று ஆகிவிடாது என்பது எனக்கும் என் கணவருக்கும் அப்போது தெரியாது. கருப்பையின் உள்படலத்தைப் போன்ற திசு கருப்பைக்கு வெளியே, சினைப்பையிலோ குடல் பக்கத்திலோ அடிவயிற்றின் உட்சுவரிலோ வளர்வதுதான் இந்த நோய். அங்கே அழற்சி உண்டாகி, உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளவும் செய்யும். மேலோட்டமாகப் படர்ந்திருந்தால் ஸ்கேனில் சிக்காமலே போகலாம்.

என் கணவர் ஒரு நோட்டு போட ஆரம்பித்ததுதான் எங்களுக்குத் திருப்பம். காரணம் நான்தான். வீட்டில் சுருண்டு கிடப்பேன். டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் "இப்ப பரவாயில்லை டாக்டர்" என்று வாயில் வந்துவிடும். வலி இல்லாத நாளில் வலியைச் சொல்வது அவ்வளவு சுலபம் இல்லை. "நீ சொல்லு, நான் எழுதறேன்" என்றார். நான் சொல்லாததையும் எழுதினார். "காலை, பாத்ரூமில் நெடுநேரம், வெளியே வந்தபோது முகம் வெளுத்திருந்தது. மாடிப்படியில் பாதியில் நின்றாள். சாயங்காலம் வயிறு உப்பி, உடையைத் தளர்த்திக்கொண்டாள்." இதெல்லாம் நோயின் அறிகுறி என்று நான் நினைத்ததே இல்லை.

அடுத்துப் பார்த்த டாக்டர் அந்தப் பக்கங்களைப் பொறுமையாகப் புரட்டிவிட்டு, "மலம் கழிக்கும்போது வலிக்கிறதா? பீரியட்ஸ் நாட்களில் மட்டுமா?" என்று கேட்டார். அதுவரை யாரும் கேட்காத கேள்வி. அதன் பிறகு இந்த நோயைப் பார்த்துப் பழகியவரிடம் பிறப்புறுப்பு வழியாக எடுக்கும் உள்வழி ஸ்கேன், அப்புறம் எம்ஆர்ஐ. இடது சினைப்பையில் பழைய ரத்தம் தேங்கிய கட்டி, அதைச் சாக்லேட் கட்டி என்பார்கள். கருப்பையின் பின்பக்கம் குடலோடு ஒட்டியிருந்தது. நான்காம் நிலை என்றார்கள். என் கணவர் பயந்துபோனார், புற்றுநோய் என்றே நினைத்துவிட்டார். இந்த 1 முதல் 4 வரையிலான எண் உள்ளே எவ்வளவு பரவியிருக்கிறது என்பதற்கான கணக்குதான். முதல் நிலையில் துடிப்பவர்களும் உண்டு, நான்காம் நிலையில் வலியே தெரியாதவர்களும் உண்டு.

முதலில் டைனோஜெஸ்ட் என்ற ஹார்மோன் மாத்திரை, தினமும். ஆரம்ப மாதங்களில் விட்டுவிட்டு ரத்தக்கசிவு, காரணமே இல்லாமல் அழுகை, எரிச்சல். அப்போது ஒரு ஒப்பந்தம் போட்டோம்: என் கோபத்தையெல்லாம் அவர் மாத்திரையின் தலையில் கட்டக் கூடாது, அவர் மேல் நியாயமான கோபமும் எனக்கு வருமே! வலி நாளில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை "இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்பதற்கும் தடை. விரலில் எண் காட்டுவேன். ஏழுக்கு மேல் போனால் பக்கத்தில் இருக்க வேண்டும். அதற்குக் கீழே என்றால் அவர் நண்பர்களைப் பார்க்கப் போகலாம். போகவும் சொல்வேன். முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பதைவிட, வெளியே போய்ச் சிரித்துவிட்டு வருபவர்தான் எனக்கு உதவியாக இருந்தார்.

படுக்கை விஷயத்தைத்தான் கடைசிவரை தள்ளிப்போட்டோம். உடலுறவின்போது உள்ளே ஆழத்தில் குத்தும். அடுத்த நாள்வரைகூட நீடிக்கும். எனக்கு வலிக்குமே என்று அவர் விலகினார். என்மேல் ஆசை போய்விட்டது என்று நான் எடுத்துக்கொண்டேன். பேசியபோதுதான் தெரிந்தது, கட்டிப்பிடித்தால் அது எங்கே போய் முடியுமோ என்று இருவருமே தொடுவதையே நிறுத்தியிருந்தோம். அதனால் தொடுவது வேறு, உடலுறவு வேறு என்று பிரித்துவைத்தோம். நான் நிறுத்து என்றால் அந்த நொடியே நிறுத்த வேண்டும், முகம் வாடக் கூடாது. வேகத்தையும் ஆழத்தையும் நான் தீர்மானிக்கிற மாதிரியான நிலைகள் எனக்கு ஒத்துவந்தன. இடுப்புத்தளத் தசைகளுக்கான பிசியோதெரபி இன்னும் உதவியது. வலிக்குப் பயந்து அந்தத் தசைகள் தானாகவே இறுகிக்கொள்வது ஒரு தனி வலி.

மாத்திரை மட்டும் போதாமல் லேப்ராஸ்கோப்பி, அதாவது சிறு துளைகள் வழியாகச் செய்யும் அறுவை வரை போனோம். அதற்கு முன்னால் குழந்தை பற்றிப் பேசியே ஆக வேண்டியிருந்தது. கட்டியை எடுக்கும்போது சினைப்பையில் முட்டை இருப்பும் குறையலாம் என்பதால் அந்த இருப்பைக் காட்டும் ஏஎம்ஹெச் ரத்தப் பரிசோதனை செய்து, முட்டைகளை முன்கூட்டியே எடுத்து உறையவைக்கலாமா என்றும் யோசித்தோம். பரிசோதனையில் வந்த எண் ஓரளவு நன்றாகவே இருந்ததால் உறையவைக்க வேண்டாம் என்று முடிவெடுத்தோம். உறவினர்கள் பக்கம், "ஒரு குழந்தை பெத்துட்டா எல்லாம் சரியாயிடும்" என்றார்கள். வலியைத் தீர்ப்பதற்காகக் கருத்தரிக்கச் சொல்லக் கூடாது என்று 2022ல் வந்த ஐரோப்பிய மருத்துவ வழிகாட்டுதலே சொல்கிறது. ஆனால் வழிகாட்டுதலை எடுத்து நீட்டினால் யார் கேட்பார்கள்? இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்வது அவர் வேலை என்று ஒதுக்கிவிட்டேன். "நாங்க டாக்டர்கிட்ட பேசிட்டு இருக்கோம்" என்ற ஒரே வரியோடு முடித்துவிடுவார். நான் சொன்னால் பத்துக் கேள்வி கூடுதலாக வரும்.

அறுவை முடிந்த ராத்திரி, வயிற்றைவிடத் தோள்பட்டைதான் வலித்தது. பயந்துபோய் அவரை எழுப்பினேன். நோட்டைப் புரட்டி, டாக்டர் சொன்னதை வாசித்துக் காட்டினார்: வயிற்றை உப்பவைக்கச் செலுத்திய வாயு, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள உதரவிதானத் தசையை உறுத்தும், அது தோளில் வலியாகத் தெரியும், ஓரிரு நாளில் குறையும். மயக்கம் தெளிந்த அரைத்தூக்கத்தில் எனக்கும்தான் சொன்னார்களாம், ஒன்றும் நினைவில்லை.

வலி முழுக்கப் போய்விடவில்லை, ஆனால் விரலில் ஏழு காட்டுகிற நாட்கள் அரிதாகிவிட்டன. நோய் திரும்ப வரக்கூடும் என்பதால் மாத்திரை தொடர்கிறது. அதை எடுத்துக்கொண்டிருக்கும்வரை கருத்தரிக்க முயல முடியாது. அதனால் அடுத்த முறை கேட்க இரண்டு கேள்விகள் எழுதிவைத்திருக்கிறோம்: மாத்திரையை எப்போது நிறுத்தலாம், நிறுத்தியபின் எத்தனை மாதம் இயற்கையாக முயன்றுவிட்டு ஐவிஎஃப் பக்கம் போக வேண்டும்.