நூல் கட்டிய டம்ளர்

காலையில் காபி ஆற்றிக்கொண்டிருந்த அப்பத்தா ஒரு டம்ளரை மட்டும் தனியாக எடுத்து வைத்தார்கள். விளிம்புக்குக் கீழே சிவப்பு நூல்.

சித்தப்பாவின் டம்ளராம்.

தாத்தா பெயர் வெட்டிய பழைய டம்ளர். பெயர் இருக்கும் பக்கத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்திருந்தார்கள்.

சித்தப்பா காசநோய் மாத்திரை சாப்பிட ஆரம்பித்து இரண்டு மாதம் ஆகிறது. "இது இருமும்போது காத்துல பரவுறது அப்பத்தா, டம்ளர்ல வராது" என்றேன்.

"நீ சும்மா இருப்பா, எங்களுக்குத் தெரியாததா."

பிடிவாதக்காரக் கிருமிதான். குடலில் வாழும் இ.கோலை 20 நிமிடத்தில் இரண்டாகிவிடும். காசநோய்க் கிருமிக்குக் கிட்டத்தட்ட ஒரு நாள் வேண்டும். மேலே மெழுகுச் சட்டை வேறு. அதனால்தான் ஆறு மாத மாத்திரை. (முதல் நாள் மாத்திரையால் சிறுநீர் ஆரஞ்சாகப் போனதைப் பார்த்து சித்தப்பா அலறியது தனிக்கதை.)

1959இல் வெளிவந்த சென்னை ஆய்வைச் சொன்னேன். சானடோரியத்தில், அதாவது காசநோய் மருத்துவமனையில், சேர்ந்தவர்களைப் போலவே வீட்டிலிருந்து மருந்து சாப்பிட்டவர்களும் குணமானார்கள். அதனால் அவர்கள் வீட்டிலிருந்த மற்றவர்களுக்குக் கூடுதலாகத் தொற்றவும் இல்லை.

"நம்ம மெட்ராஸ்லயா?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. ஆத்தங்குடிக் கல்லைக் காலால் தேய்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்புறம் மெதுவாகச் சொன்னார்கள். அவர்கள் அண்ணனைப் பின்கட்டில் தனியாக வைத்திருந்தார்களாம். சாப்பாட்டுத் தட்டைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டு இவர்கள் ஓடிவந்துவிடுவார்களாம். "எனக்கு அப்பப் பத்து வயசு."

சாயங்காலமும் அதே டம்ளர்தான். நூலும் அப்படியே.

ஆனால் திண்ணை வரைக்கும் கொண்டுபோய், சித்தப்பா கையிலேயே கொடுத்தார்கள்.